சுரங்கக் கழிவுப் பாறையின் சோதனை விகிதம் 2-க்கு மேல் வந்துவிட்டால் அமில நீர் பயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எடுத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டவன்.

பாறையின் நடுநிலையாக்கும் திறன், அமிலத் திறனைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்றுதான் உங்கள் அனுமதி ஆணையிலும் இருக்கும் என நினைக்கிறேன். எங்களுக்கும் அதுதான். காற்றும் நீரும் பட்டால் அமிலமாக மாறும் சல்பைடு கந்தகம் எங்கள் பாறையில் 0.6 சதவீதம். 31.25-ஆல் பெருக்கினால் 18.75. அதாவது ஒரு டன் பாறையின் அமிலத்தை அடக்க அத்தனை கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும். ஆய்வகம் கொடுத்த நடுநிலையாக்கும் திறன் 45. விகிதம் 2.4, பாஸ். எதையும் பிரிக்காமல் ஒரே குவியலாகக் கொட்டினோம்.

இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் குவியலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் நீர் கசிந்தது. பிஎச் 3.6.

மிச்சமிருந்த மாதிரிப் பொடியை எடுத்துக்கொண்டு போய் நானே பக்கத்தில் உட்கார்ந்து சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னேன். அமிலச் சொட்டு விட்டால் பொங்கவே இல்லை. கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் கனிமம், இருந்தால் சோடா மாதிரி நுரைத்திருக்க வேண்டும். ஆனாலும் அமிலத்தில் சூடாக்கி டைட்ரேஷன் செய்தால் அதே 45! குழம்பிப்போய் பீக்கரைக் கழுவாமல் கிளம்பிவிட்டோம். மறுநாள் காலை பார்த்தால், தெளிவாக இருந்த கரைசல் துருநிறமாகக் கலங்கிக் கிடக்கிறது. 7-இல் நிறுத்திய பிஎச் 5-க்கு இறங்கியிருந்தது.

சிடரைட், அதாவது இரும்புக் கார்பனேட். சூடான அமிலத்தை அது நன்றாகவே குடிக்கும். கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகப் படியும்போது குடித்ததைத் திருப்பிக் கக்கிவிடும். டைட்ரேஷன் அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் எண் பெரிதாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து இரும்பை முதலிலேயே ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு அளந்தோம். 45 என்றது 15 ஆனது. விகிதம் 0.8.

ஆய்வகத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கேட்ட சோதனையை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள், தப்பாகக் கேட்டது நாங்கள். எல்லாப் பாறையிலும் சிடரைட் இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாறையை வாரக்கணக்கில் ஈரக் காற்றில் வைத்து, கழுவி வரும் நீரை அளக்கும் ஈரப்பத அறைச் சோதனைக்குக் குறைந்தது 20 வாரம் வேண்டும் என்று நான் கேட்டபோது "அவ்வளவு நேரம் ஏது" என்றார்கள் எங்கள் நிர்வாகத்தினர். அதே அறிக்கையின் அட்டை நிறத்தை மட்டும் மூன்று முறை மாற்றினார்கள். மூன்றாவது தடவை நீலத்திலிருந்து பச்சைக்கு, "சுற்றுச்சூழல்" என்றால் பச்சைதானாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறிக்கையில் பொங்குதல் மதிப்பீடு என்று ஒரு பத்தி இருக்கும், அதை முதலில் பாருங்கள். பொங்குதல் பூஜ்யம், நடுநிலையாக்கும் திறன் மட்டும் அதிகம் என்றால் பெராக்சைடு சேர்த்துத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், அந்த 2 என்பது எல்லா மாதிரிகளின் சராசரியா, ஒவ்வொரு பாறை வகைக்கும் தனித்தனியா? சராசரி என்றால் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.