விட்டதைப் பிடிக்கும் இரவுகள்

அன்புள்ள ஐயா,

காலாப்பட்டில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்கிறேன். ஊர் கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். போனில் ஆன்லைன் கிரிக்கெட் பந்தயத்தில் தொடங்கி, ஃபீஸுக்கு வைத்திருந்த 38,000 ரூபாயும் போய்விட்டது. ராத்திரியெல்லாம் என்னை நானே கண்டபடி திட்டிக்கொள்கிறேன். விடிவதற்குள் மறுபடி ஆடிவிடுகிறேன். அறைத்தோழன், "உன்னை நீயே கொஞ்சம் மன்னிச்சுக்கோடா" என்கிறான். மன்னித்தால் குளிர்விட்டுப் போகாதா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

உங்கள் தோழன் சொன்னதுதான் சரி. திட்டிக்கொண்ட அதே ராத்திரியில்தானே மறுபடி ஆடியிருக்கிறீர்கள்? 'நான் உருப்படாதவன்' என்ற நினைப்போடு யாராலும் அதிக நேரம் படுத்திருக்க முடியாது. அதிலிருந்து தப்பிக்க அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரே வழி, விட்டதைப் பிடிப்பது. 500 போனவன் அடுத்து 2,000 வைப்பதைப் பேராசை என்கிறார்கள். எனக்கு அதில் அவமானம்தான் அதிகம் தெரிகிறது. பிடித்துவிட்டால் அப்பாவுக்குத் தெரியவே வேண்டாமே என்ற தவிப்பு.

தன்னிடம் கருணை காட்டுவது பற்றி அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் எழுதியபோது மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார்: தன்னிடம் கனிவு, தவறுவது மனிதர் எல்லோருக்கும் உள்ளது என்ற உணர்வு, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது. மூன்றாவதை மறந்துவிடுவதால்தான் இது சலுகை மாதிரி தெரிகிறது. '38,000 போய்விட்டது, ஆடி அதை எடுக்க முடியாது' என்று ஒப்புக்கொள்ளத்தான் அந்தக் கனிவு வேண்டியிருக்கிறது.

குளிர்விட்டுப் போவது பற்றி: கனடாவில் மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2010இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். அது சூதாட்டத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் உங்கள் பயத்துக்கு அதில் பதில் இருக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள், கைமாற்று வாங்கியிருந்தால் அதையும். ஏடிஎம் கார்டைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, பணம் அனுப்பும் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். போலீஸ் பயம் இருந்தால், 2025இல் வந்த மத்திய சட்டம் இந்த ஆன்லைன் பண விளையாட்டுகளை நடத்துபவர்களையும் விளம்பரம் செய்பவர்களையும் அதற்குப் பணம் கைமாற உதவுபவர்களையும்தான் தண்டிக்கிறது, ஆடியவர்களை அல்ல. ராத்திரி கை பரபரத்தால் 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம், இதுவும் வைத்தியம் உள்ள விஷயம்தான்.

அப்புறம், அந்தத் தாளோடு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எழுதுங்கள், நானும் வருகிறேன்.