குத்தகைக் காட்டில் கிணறு வெட்டலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வயிற்றெரிச்சலைச் சொல்கின்றன: இணையத்தில் சேர்த்து வைத்தது காணாமல் போவது. அதனால் மிக்ஸி, கிரைண்டர் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமமுங்க. ஓய்வு பெற்ற ஆசிரியை நான். இணையத்தில் படிச்சதை எல்லாம் எட்டு வருசமா ஒரு புக்மார்க் ஆப்பில் சேர்த்து வெச்சிருந்தேன். இயற்கை விவசாயம், கல்வெட்டு, குழந்தைகளுக்கான பாட்டுன்னு ஆயிரத்துக்கு மேல இருக்கும். அந்த ஆப்பை மூடிட்டாங்க. முன்கூட்டியே மெயில் போட்டாங்களாம், நான் பார்க்கலைங்க. இப்ப வேற ஒரு ஆப், ஒரே தடவை 4,000 ரூபா கட்டினா ஆயுசுக்கும் வெச்சுக்கலாம்னு சொல்லுது. வாங்கலாமுங்களா?

பதில்: வேண்டாங்க அம்மா. முதலில் போனதில் எது திரும்பும் என்று பார்ப்போம்.

பழைய ஆப்பில் எந்த மெயில் முகவரியில் கணக்கு வைத்திருந்தீர்களோ, அந்தப் பெட்டியில் ஆப்பின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். குப்பை மெயில் பகுதியையும் விடாதீர்கள். வாராவாரம் நீங்கள் சேமித்ததைத் தொகுத்து மெயில் அனுப்பும் பழக்கம் சில சேவைகளுக்கு உண்டு. அதில் உங்கள் லிங்குகள் கொஞ்சம் இருக்கலாம். பழைய போன் இன்னும் வீட்டில் இருந்தால் சார்ஜ் போட்டு, நெட்டை இணைக்காமல் அந்த ஆப்பைத் திறந்து பாருங்கள். நெட் இல்லாமலும் படிக்க முடிகிற ஆப்பாக இருந்திருந்தால், இறக்கி வைத்த பக்கங்கள் உள்ளேயே கிடக்கக்கூடும். மூடிய நிறுவனத்துக்கும் ஒரு மெயில் போடுங்கள். தகவல்களை அழித்து முடிக்கும் கெடு இன்னும் தாண்டாமல் இருந்தால் வழி உண்டு.

இனி அந்த 4,000 ரூபாய். ஆயுசுக்கும் என்று விளம்பரம் சொல்வது உங்கள் ஆயுசை அல்ல, அந்த நிறுவனத்தின் ஆயுசை. புக்மார்க் சேவைகளின் ஆயுசு எப்படி இருந்திருக்கிறது என்று பாருங்கள். உலகம் முழுக்கப் பேர்பெற்ற டெலிசியஸை 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கினார். தான் சேர்த்த லிங்கை மற்றவரும் பார்க்கலாம், அவரவர் அதற்குக் குறிச்சொல் போடலாம் என்பதே அப்போது புதுமை. 2005-ல் யாஹூ வாங்கியது, 2011-ல் விற்றது. பிறகும் கை மாறிக்கொண்டே போய், 2017-ல் பின்போர்டு என்ற சின்னச் சேவை அதை வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது. பிறகு படிக்கலாம் என்று பக்கங்களைச் சேர்த்து வைக்கும் பாக்கெட், 2007-ல் வேறு பெயரில் பிறந்தது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை நடத்தும் மொசில்லா 2017-ல் அதை வாங்கியது. 2025 ஜூலை 8 அன்று மூடியது. சேர்த்ததை எடுத்துக்கொள்ளச் சில மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த அறிவிப்பைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. இலவசமாக ஓடிய டெலிசியஸை வாங்கிய பின்போர்டு, காசு வாங்கிக்கொண்டு நடத்தப்பட்ட சேவை. அதனால் பணம் கட்டுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வருடச் சந்தா வாங்கும் சேவைக்கு அடுத்த வருடமும் உங்களைத் தக்க வைக்க வேண்டிய அவசியம் இருக்கிறது. ஒரே தடவை வாங்கிக்கொண்டவருக்கு அது கிடையாது. நான் ஆயுள் சந்தாவைத் தள்ளச் சொல்வது அதனால்தான்.

எதை வாங்கினாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். பத்து லிங்கை மட்டும் போட்டு, சேர்த்ததை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் வசதி எங்கே இருக்கிறது என்று தேடி, கோப்பை உங்கள் கணினியில் இறக்குங்கள். இறங்கிய கோப்பு வேறு பிரவுசரில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மேற்கொண்டு பேசலாம். எக்ஸ்போர்ட்டுக்குத் தனிக்காசு கேட்டாலோ, மெயில் போட்டுக் கெஞ்ச வைத்தாலோ அந்த ஆப் வேண்டாம். ஈரோட்டில் விலை ஏறட்டும் என்று மஞ்சளைக் குடோனில் இருப்பு வைப்பவர் மூட்டைக் கணக்குச் சீட்டு வாங்காமல் வீடு திரும்புவதில்லை. எக்ஸ்போர்ட் கோப்புதான் நமக்கு அந்தச் சீட்டு.

இன்னொன்று இதைவிட முக்கியம். லிங்க் என்பது வீட்டு முகவரி மட்டும்தான். வீடே இடிந்துபோனால் முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்து வருடம் கழித்து இல்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. நான் இந்தப் பகுதிக்காகக் குறித்து வைத்திருந்த பழைய லிங்குகளைப் போன வாரம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். விதை நேர்த்தி பற்றி ஒரு விவசாயி எழுதிய அருமையான கட்டுரை இருந்த இடத்தில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. மனசு கனத்துப்போச்சு.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது சொதேரோ (Zotero). 2006-ல் ஆராய்ச்சி மாணவர்களுக்காக வந்த இலவச மென்பொருள். கணினியில் போட்டுக்கொண்டு, பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் லிங்கோடு அந்தப் பக்கத்தின் நகலும் உங்கள் கணினிக்கே வந்துவிடும். கல்வெட்டு, பாட்டு என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம், பக்கத்திலேயே குறிப்பும் எழுதலாம். அவர்களுடைய இணையக் கிடங்கில் 300 எம்பி வரை காசில்லை. அது நிரம்பினாலும் கணினியில் இருப்பது போகாது. ஆசிரியராக இருந்தவர் நீங்கள், இரண்டு நாளில் பழகிவிடுவீர்கள். போனிலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்றால், பக்கத்தைத் திறந்து பிரிண்ட் என்பதை அழுத்தி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். மாதம் ஒருமுறை பேரப்பிள்ளையை விட்டு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

4,000 ரூபாயை வெளி ஹார்டு டிஸ்க் வாங்கும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

கேள்வி: திருப்பூர் வேலம்பாளையத்தில் நைட்டி, குழந்தைத் துணி தைத்து சோசியல் மீடியா பக்கத்தில் மட்டும் விற்கிறோம். 22,000 பேர் பின்தொடர்ந்தாங்க. போன மாசம் திடீர்னு பக்கத்தை முடக்கிட்டாங்க, காரணமும் சொல்லலை. ஒருத்தர் 3,999-க்கு வெப்சைட், டொமைன் எல்லாம் சேர்த்து ஒரே வாரத்தில் போட்டுத் தர்றேங்கிறார். கொடுக்கலாமாண்ணா?

பதில்: தம்பி, குத்தகைக் காட்டில் சொந்தக் காசைப் போட்டுக் கிணறு வெட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் காடு நம்முடையது இல்லையே. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, அதையே கடையாக வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் கடை போனது. அங்கே தடை, உங்களுக்கு முடக்கம், நஷ்டம் ஒன்றுதான்.

வெப்சைட் போடுவது சரியான முடிவு. கொடுக்குமுன் அந்த ஆளிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: டொமைன், அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் பதிவாகும்? "நம்ம கம்பெனி அக்கவுண்ட்லயே போட்டுக்கலாங்க, உங்களுக்குச் சிரமமில்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கடைப் பெயரே அவர் கையில் மாட்டிக்கொள்ளும். உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர், உங்கள் கார்டு. நீங்களே உட்கார்ந்து டொமைனை வாங்குங்கள். பத்து நிமிட வேலை. வேலை செய்து கொடுப்பதற்கு மட்டும் அவருக்குக் கூலி கொடுங்கள், ரசீதும் தனியாக வாங்குங்கள்.

முதல் வருட விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். டொமைனில் முதல் வருடம் சல்லிசாகக் கொடுத்து, இரண்டாம் வருடம் பல மடங்கு கேட்பது சகஜம். புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள். டாட் இன் (.in) என்று முடியும் முகவரி போதும். அதை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. தமிழிலேயே டாட் இந்தியா என்று முடியும் முகவரியும் உண்டு. அழகாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் வாடிக்கையாளர் போனில் ஆங்கில எழுத்துப் பலகையோடு இருப்பார் என்பதால் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்ப வேண்டாம். தளத்தில் உங்கள் நிறுவனப் பெயர், முகவரி, குறைதீர்ப்பவர் பெயர், தொடர்பு எண் எல்லாம் தெரிய வேண்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் அதைக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன.

பக்கம் திரும்பக் கிடைத்தால் முதல் வேலையாக, பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, கணக்கின் தகவல்களை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்களின் நம்பரை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதுங்கள். 22,000 பேர் பின்தொடர்வதைவிட, திரும்பக் கூப்பிட முடிகிற 400 பேரின் நம்பர் உங்களுக்குச் சோறு போடும்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து எழுதறேனுங்க. சென்னிமலை போர்வைன்னு போனில் விளம்பரம் வந்துச்சு. யுபிஐ-யில் 1,850 ரூபா அனுப்பினேன். பத்து நாளா பொருளும் வரலை, அந்தப் பக்கத்தையும் காணோம். லிங்கை மட்டும் சேமிச்சு வெச்சிருக்கேன். புகார் செய்ய அது போதுமுங்களா?

பதில்: போதாதுங்க. ஆனால் உங்களிடம் அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது: யுபிஐ பரிமாற்ற எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள். பக்கமே மறைந்துவிட்டதால் இதை மோசடியாகவே எடுத்துக்கொண்டு இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இன்றே கூப்பிடுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். முதல் நாளே கூப்பிட்டிருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். இப்போதும் விட்டுவிடக் கூடாது.

விற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிந்து, பொருள்தான் வரவில்லை அல்லது மட்டமாக வந்தது என்றால் வழி வேறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்த முறை பணம் அனுப்புமுன் விளம்பரம், விலை, விற்பவர் பெயர் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சாட்டில் பேசியதை அழிக்காதீர்கள். அந்தப் போனையும் வழக்கு முடியும்வரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியாக வைக்கும்போது அது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சான்றிதழ் கேட்கிறது.

விற்பவருக்கு வெப்சைட் இருந்தால், இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டு, தேதியோடு ஒரு நகல் பதிய வைக்கலாம். காசில்லை. லாகின் செய்து பார்க்க வேண்டிய சமூக ஊடகப் பக்கங்கள் அதில் சரியாகப் பதியாது, அவற்றுக்கு ஸ்க்ரீன்ஷாட்தான் கதி.

கேள்வி: ஒரு மாசம் இலவசம்னு படிக்கிற ஆப்பில் சேர்ந்தேன். ஆப்பை அழிச்ச பிறகும் கார்டில் பணம் எடுக்கிறாங்க. (ஈரோடு)

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். கார்டில் நேரடியாகக் கொடுத்திருந்தால் வங்கியின் ஆப்பில் அந்தத் தானியங்கி அனுமதியை நீக்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் வங்கியிடம் கேளுங்கள். சேர வழி காட்டி விலக வழியை மறைப்பது, 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. 1915-ல் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறேன். எதைக் கேட்டாலும் ஏஐ சொல்லிவிடுகிறது. இனி வெப்சைட், புக்மார்க் எல்லாம் எதற்கு? அப்பா கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், அவரும் இப்போது போனிடம்தான் கேட்கிறார்.

பதில்: அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள் தம்பி. மருந்து அளவை ஏஐ சொன்னது, தப்பாகி ஒரு செட் கோழி போனது என்றால், யாரிடம் போய்க் கேட்பார்? கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் கையெழுத்து இருக்கிறது. பல்கலைக்கழகப் பக்கத்தில் யார் எழுதியது என்று இருக்கிறது. ஏஐ பதிலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது எந்தப் பக்கத்திலிருந்து சொன்னது என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து படித்து, அதைச் சேமியுங்கள். அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்கள் எழுதுவதை நிறுத்தினால் ஏஐ எங்கே போய்ப் படிக்கும் என்பது என் பெரிய கவலை.

நாளைய இணையத்தில் எது நிற்கும் என்று கேட்டால், யாருக்கும் சொந்தமில்லாதது நிற்கும் என்றுதான் இதுவரை பார்த்ததை வைத்துச் சொல்வேன். சமூக வலைத்தளங்களில் ஆர்க்குட் 2014-ல் போனது, கூகுள் ப்ளஸ் 2019-ல் போனது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டது. ஆனால் அது நம்பியிருந்த, தளத்தில் புதிதாக வருவதைத் தானாகக் கொண்டுவந்து தரும் ஆர்எஸ்எஸ் (RSS) என்ற தொழில்நுட்ப முறை யாருடைய கம்பெனியும் இல்லை என்பதால் இன்றும் ஓடுகிறது. மெயிலும் அப்படித்தான்.

உங்கள் பிரவுசரில் புக்மார்க்கை எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் நெட்ஸ்கேப் என்று இருக்கும். நீங்கள் பிறக்கும் முன்பே போட்டியில் தோற்றுப்போன பிரவுசர் அது. அந்தக் கோப்பு வடிவத்தை இன்றைக்கும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் படிக்கின்றன. அப்பாவின் பண்ணைக்கு வேண்டிய பத்துப் பக்கங்களை அதில் சேர்த்து, பக்கங்களின் நகலோடு அவர் போனில் போட்டுக் கொடுங்கள். தடுப்பூசி அட்டவணையிலிருந்து ஆரம்பியுங்கள்.