உயிலில் 'எக்ஸிகியூட்டர்' என்று இருந்தால் மகளுக்குச் செல்லாதா?

கேள்வி: என் அம்மா ஆங்கிலத்தில் எழுதிவைத்த உயிலில் என்னை 'எக்ஸிகியூட்டர்', அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர், என்று குறிப்பிட்டிருக்கிறார். அம்மா போன மாதம் காலமானார். "நீங்கள் பெண். 'எக்ஸிகியூட்ரிக்ஸ்' என்று இருந்தால்தான் செல்லும். எட்டாயிரம் கொடுங்கள், திருத்தப் பத்திரம் போட்டுத் தருகிறேன்" என்கிறார் பத்திரம் எழுதுபவர். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த எட்டாயிரத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. உயிலைத் திருத்தும் உரிமை அதை எழுதியவருக்கு மட்டும்தான். அவர் போன பிறகு மகளாலும் முடியாது, பத்திர எழுத்தராலும் முடியாது. கிரையப் பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்தால் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுத் திருத்துவார்கள். உயிலுக்கு அந்த வழி கிடையாது. "பேனாவால் இரண்டு எழுத்து சேர்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அசல் உயிலை அவர் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். ஒழுங்காக இருக்கும் உயிலின் மேல் சந்தேகம் விழுவதே அப்படித்தான்.

'எக்ஸிகியூட்ரிக்ஸ்' என்பதில் வரும் 'ட்ரிக்ஸ்' ஒரு லத்தீன் விகுதி. ஒரு காரியத்தைச் செய்பவன் 'டோர்', செய்பவள் 'ட்ரிக்ஸ்'. வென்றவன் விக்டோர், வென்றவள் விக்ட்ரிக்ஸ். ஆங்கிலச் சட்டமொழி அதை அப்படியே எடுத்துக்கொண்டதால், உயில் எழுதிய பெண் 'டெஸ்டேட்ரிக்ஸ்' ஆனார். 'டச்சஸ்' போன்ற சொற்களில் வரும் 'எஸ்' வேறு வழியில் வந்தது. கிரேக்க 'இஸ்ஸா' பிற்கால லத்தீனில் புகுந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

சட்டத்துக்கு இந்த விகுதி தேவையில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அந்த 'நபர்' எக்ஸிகியூட்டர் என்கிறது. ஆண் என்று சொல்லவில்லை. 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட்டின் 13ஆம் பிரிவும், மத்தியச் சட்டங்களில் வரும் ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்கிறது. நம் 'நிறைவேற்றுநர்' இருபாலுக்கும் பொதுவாக இருப்பதுபோலத்தான் இதுவும்.

அப்புறம், 'ட்ரிக்ஸ்' வந்தாலே பெண் என்றும் இல்லை. பிளஸ் டூ கணக்கில் பரவளையம் படித்திருப்பீர்கள். அதன் மேல் உள்ள எந்தப் புள்ளியும் குவியத்திலிருந்தும் இயக்குவரையிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். அந்த இயக்குவரைக்கு ஆங்கிலத்தில் 'டைரக்ட்ரிக்ஸ்' என்று பெயர். வெறும் கோடு அது. லத்தீனில் கோட்டைக் குறிக்கும் 'லீனியா' பெண்பாற்சொல் என்பதால் அதை ஒட்டி வரும் சொல்லும் பெண்பால் விகுதி ஏற்றது. கோட்டுக்கு ஒட்டிய விகுதியை வைத்து ஒரு பெண்ணின் உரிமையை அளப்பது என்ன நியாயம்?

இதில் எனக்குக் கோபம் உண்டு. ஒருமுறை நான் போட்ட உயில் மனுவை, 'ட்ரிக்ஸ்' இல்லை என்று நீதிமன்ற அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். கட்சிக்காரருக்குப் பத்து நாள் வீண். பழைய படிவத்தை நகல் எடுத்து, அந்த நகலையும் நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் சொல்தான் சட்டம் என்று நம்புகிறார்கள். இந்தக் குழப்பம்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

நீங்கள் இந்த உயிலுக்காக நீதிமன்றத்தில் மனுப் போடும்போது இரண்டில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எழுதலாம். கடைசிப் பக்கம்வரை அதையே எழுதுங்கள். உயிலில் உள்ள உங்கள் பெயரும் இனிஷியலும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, முகவரியை வாங்கி வையுங்கள். உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும்.