கேரவன் கேள்வி பதில்: காலையில் மட்டும் கத்தும் பெல்ட்

கேள்வி: பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி கேரவனாக மாற்றி வைத்திருக்கிறேன். ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், லைட் எல்லாம் பின்னால் இருக்கிற தனி பேட்டரியில் ஓடுகின்றன. போன வருடம் அந்த பேட்டரியை லித்தியமாக மாற்றினேன். கொஞ்ச நாளாக, வண்டியில் தூங்கி எழுந்து ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம், தெருவே எழுந்துகொள்கிற மாதிரி கிரீச் என்று பெல்ட் கத்துகிறது. இரண்டு பெல்ட் மாற்றியாகிவிட்டது. இப்போது மெக்கானிக், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விடையை நீங்களே எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். லித்தியம்.

ராத்திரி முழுக்க ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடி அந்த பேட்டரி காலையில் இறங்கிக் கிடக்கும். பழைய லெட் ஆசிட் பேட்டரி என்றால் சார்ஜ் ஏற ஏற அதுவே கரண்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள்தடை ரொம்பக் குறைவு, கொடுப்பதையெல்லாம் கிட்டத்தட்ட நிறையும் வரை வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்நேட்டர், அதாவது பெல்ட் சுற்றிவிடக் கரண்ட் தயாரிக்கிற, நம் ஊர் மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்று சொல்கிற அதே சாமான், 14 வோல்ட்டில் 90 ஆம்பியர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,260 வாட். அதற்குள்ளேயே வீணாகிறதையும் சேர்த்தால் பெல்ட் இழுக்க வேண்டியது 2,000 வாட்டுக்கு மேலே போய்விடும், சுமார் 3 குதிரைத்திறன். பெல்ட் ஓடுகிற புல்லிகளில் ஆல்டர்நேட்டர் புல்லிதான் பொதுவாக ரொம்பச் சின்னது, பெல்ட் பிடிக்க அதில் இடமும் குறைவு. வழுக்காமல் என்ன செய்யும்?

பத்து நிமிடத்தில் சத்தம் நிற்கிறதே என்று கேட்பீர்கள். பேட்டரி நிறைந்துவிட்டதால் அல்ல. ஆல்டர்நேட்டர் சூடேறி அது கொடுக்கிற கரண்ட் குறைகிறது, ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய முன்பக்கத்து எஞ்சின் பேட்டரியும் அதற்குள் ஏறிவிடுகிறது, பெல்ட்டும் சூடாகிக் கொஞ்சம் பிடிமானம் வருகிறது. அதனால் சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அந்த நேரத்தில்தான் உள்ளே ஆல்டர்நேட்டர் வெந்துகொண்டிருக்கும்.

ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, ஆல்டர்நேட்டரிலிருந்து பின் பேட்டரிக்கு சார்ஜ் போகிற ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது கழற்றவே கூடாது, ஆல்டர்நேட்டரின் டயோடுகள் போய்விடலாம். கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லையா? அப்போது டென்ஷனருக்குக் கொடுக்க இருந்த பணத்தை டிசி-டிசி சார்ஜருக்குக் கொடுங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் போட்டால் லித்தியம் எவ்வளவு கேட்டாலும் அந்த 30-க்கு மேல் போகாது. கூடவே புல்லிக் காடிகளைத் துடைத்துவிட்டுப் புது பெல்ட் போட்டுவிடுங்கள், ஏனென்றால் இத்தனை நாள் வழுக்கிய பெல்ட் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகியிருக்கும், இனி அது ஒழுங்காகப் பிடிக்காது.

ஃபியூஸ் இல்லாமலும் கத்துகிறதா, சரி, தண்ணீர் சோதனைக்கு வாருங்கள். பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது பெல்ட்டின் காடிப் பக்கத்தில் கொஞ்சம் பீய்ச்சுங்கள். வேட்டி, லுங்கி, துப்பட்டா எதுவும் கூடாது, ஃபேனிலிருந்து கையைத் தள்ளியே வையுங்கள். தண்ணீர் பட்டதும் சத்தம் அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷன் போதவில்லை. சில விநாடி அடங்கிவிட்டு மறுபடி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்குகளைத் தேடுங்கள். வழுக்கல்தான் என்றால் ஐடிலிங்கில் டென்ஷனரின் கையை (ஆர்ம்) பாருங்கள். லேசாக அசைந்தால் பரவாயில்லை, கடகடவென்று துடித்தால் மாற்றுங்கள். உங்கள் மெக்கானிக் சொன்னது தப்பில்லை, ஆனால் அவர் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டார்.

கேள்வி: கேரவனை கடற்கரைக்குப் பக்கத்தில் நான்கு மாதம் எடுக்காமல் விட்டிருந்தேன். இப்போது கீச் கீச் என்று குருவி மாதிரி சத்தம், ஆக்சிலேட்டர் மிதித்தால் வேகமாகக் கீச்சிடுகிறது. ஏதோ ஸ்ப்ரே அடித்தார்கள், இரண்டு நாள் அமைதி, அப்புறம் பழையபடிதான்.
– வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: அந்த ஸ்ப்ரேயைத் தூக்கிப் போடுங்கள். ஒட்டும் பசையில் தூசி சேர்ந்து பெல்ட்டைத் தேய்க்கும், அவ்வளவுதான் அதன் பலன். சோப்பு, மெழுகுவத்தி வைத்தியமும் இதே ரகம்.

உப்புக்காற்றில் நின்ற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது துரு. பெல்ட்டைக் கழற்றி, புல்லிக் காடிகளைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள், துரு உப்புத்தாள் மாதிரி பெல்ட்டைத் தின்றுவிடும். கழற்றிய கையோடு ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிப் பாருங்கள். நல்ல ஐட்லர், அதாவது பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றுகிற புல்லி, கிரீஸ் இழுவையோடு மெதுவாகச் சுற்றி நின்றுவிடும். சைக்கிள் சக்கரம் மாதிரி விர்ரென்று நிற்காமல் சுற்றினால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. மணல் அரைபடுகிற மாதிரி விரலில் நறநறத்தால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப் போடவே கூடாது.

என் வண்டியில் ஒரு முறை ஐட்லர் உறுமியது. பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் 6203 2ஆர்எஸ் என்று நம்பர், அதாவது உள் துளை 17 மில்லிமீட்டர், வெளி விட்டம் 40, அகலம் 12, இரண்டு பக்கமும் ரப்பர் சீல். புதுப்பேட்டையில் நம்பர் சொல்லி வாங்கி, ஒரு லேத் கடையில் கொடுத்து அழுத்திப் போட்டாயிற்று. உறுமல் போனது, பதிலுக்கு உங்களுக்குக் கேட்கிற அதே கீச் கீச் வந்தது! மண்டையைப் பிய்த்துக்கொண்டு இரண்டு நாள் தேடினேன். புல்லிக்குப் பின்னால் இருந்த வாஷர் லேத் கடை மேஜையிலேயே தங்கிவிட்டிருக்கிறது, புல்லி அந்த வாஷர் கனத்துக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. கீச்சுச் சத்தத்துக்கு அது போதும். நீங்களும் இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான். எஞ்சினிலிருந்து பெல்ட்டைச் சுற்றுகிற கிராங்க் புல்லி சுற்றும்போது ஆடுகிறதா என்றும் பாருங்கள், நடுவில் உள்ள ரப்பர் விட்டுப்போனாலும் இப்படித்தான் வரும்.

கேள்வி: பெல்ட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. ஆனாலும் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இல்லாமலும் இருக்கலாம். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெல்ட் பழைய பெல்ட் மாதிரி வெடிக்காது, செருப்புத் தேய்கிற மாதிரி தேயும். காடிகள் அகன்று பெல்ட் இறங்கி புல்லிக் காடியின் அடியைத் தொட்டுவிட்டால் வழுக்கத் தொடங்கும். புது பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காடிகளை ஒப்பிடுங்கள். வாங்கும்போது முதுகில் அச்சடித்த நம்பரைப் பாருங்கள், 6பிகே1835 என்றிருந்தால் 6 வரி, 1,835 மில்லிமீட்டர் நீளம். 'இதுவும் செட் ஆகும் சார்' என்று பத்து மில்லிமீட்டர் கூடக் குறையத் தந்தால் வாங்காதீர்கள். கழற்றிய பழையது இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள், ஏற்காடு மலையில் ராத்திரி பெல்ட் அறுந்தால் கடை தேட முடியாது.

கேள்வி: வண்டி ஓடும்போது சத்தமே இல்லை. எஞ்சினை ஆஃப் செய்த பிறகு இரண்டு மூன்று விநாடி 'குர்ர்ர்' என்று கேட்கிறது. பேயா?
– வாசகர், வடபழனி

பதில்: பேய் இல்லை, ஆல்டர்நேட்டர் புல்லி. சில வண்டிகளில் அந்தப் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் விடுகிற வகை, சைக்கிள் ஃபிரீவீல் மாதிரி. எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த ஃபிரீவீல் தேய்ந்திருந்தால் அப்போதுதான் குர்ரென்று கேட்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆல்டர்நேட்டரின் காற்றுத் துளை வழியாக ஒரு ஸ்க்ரூடிரைவரால் ரோட்டரை அசையாமல் நிறுத்தி, புல்லியை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் வழவழவென்று சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தாலோ இரண்டு பக்கமும் சுற்றினாலோ புல்லி அவுட். கழற்றத் தனி டூல் வேண்டும், சுத்தியல் வைத்துத் தட்டுகிறேன் என்று யாராவது வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.