ஜி.யு. போப்பின் கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று எழுதியிருப்பது உண்மையா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்பதுதான் அதில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேச்சுப் போட்டிக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் தமிழாசிரியராக இருந்தபோது, போப்பையர் பற்றிப் பேச ஒரு மாணவியை ஆயத்தப்படுத்தினேன். கல்லறை வரியை அவள் சொல்லவில்லை. சாயர்புரத்தில் குருமடத்தை நிறுவி, நம் பிள்ளைகளுக்கு இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்பித்த கண்டிப்பான ஆசிரியர், பிறகு 1850களில் நம் தஞ்சையில் ஆங்கிலிக்கன் குருவாகப் பணியாற்றியவர் என்று அவரது வாழ்க்கையை அவள் வரிசையாகச் சொன்னாள். சிவப்பு மையால் ஆண்டுகளுக்கு அடிக்கோடிட்ட தாளை மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். ஒருமுறைகூட அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. நடுவர் ஒருவர், "முக்கியமான செய்தியையே விட்டுவிட்டாயே அம்மா" என்றார். அந்த வரியை உரக்க முழங்கிய பையனுக்கு முதல் பரிசு. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மதம் மாற்ற வந்தவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். அவர் எதற்காக வந்தார் என்பதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. சொல்லப்போனால், அந்தக் குருத்துவ வாழ்க்கையை மறைப்பதுதான் அவருக்குச் செய்யும் அநீதி. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட்ட பின்னும் தஞ்சைச் சபையில் பூசல் ஓயவில்லை. சாதி வேற்றுமைக்கு விட்டுக்கொடுக்க மறுத்துப் பலருடைய பகையைத் தேடிக்கொண்டவர் போப்பையர். தமிழ் கற்போருக்காக அவர் எழுதிய கைந்நூல் 1855இல் வெளிவந்ததும் இந்தச் சச்சரவுகளுக்கு இடையில்தான்.

அவருடைய திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு பற்றிப் பேசுங்கள். இந்த வயதில் அவ்வளவு பெரிய வேலையை முடிக்க முடியுமா என்று அவர் தயங்கியபோது, ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட், பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி, அதை முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று தேற்றினாராம். இதைப் போப்பையரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த முன்னுரையில் அவர் இட்ட தேதி 24 ஏப்ரல் 1900, அவருக்கு எண்பது வயது நிறைந்த நாள். மேடையில் முழங்குவதற்கு இது போதாதா?