வாசகர் கேள்வி – பதில்: துணிப் பழுதும் டேட்டா மைனிங்கும்

கேள்வி: தறிக்கூடத்தின் துணி பரிசோதனைக் கணக்கு இரண்டு வருடமாக எக்செலில் ஏறிக்கொண்டே இருக்கிறது. டேட்டா மைனிங் செய்தால் பழுது குறையுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: டேட்டா மைனிங் என்றால் குவிந்த தரவில் ஒளிந்திருக்கும் தொடர்புகளைத் தேடுவது. அதனால் பழுது குறையும். ஆனால் மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். பழுதான ஒரு ரோலை எடுத்து, அது ஓடிய தறி, ஷிப்ட், பீம் (பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், சுற்றிய உருளை), கஞ்சி போட்ட லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), நூல் லாட் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். எங்கே தடம் அறுகிறதோ, அந்த எண்ணை இன்றிலிருந்து பதியுங்கள்.

அடுத்தது பெயர்கள். ஒரே பழுதை ஒருவர் ‘பாவு அறுப்பு’ என்பார், இன்னொருவர் ‘இழை இல்லை’ என்பார், மூன்றாமவர் ‘எண்டு மிஸ்ஸிங்’ என்று எழுதியிருப்பார். கணினிக்கு இவை மூன்று வேறு பழுதுகள். எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் இதில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

ரோல்களை ஒப்பிட நான்கு புள்ளி முறை போதும்: பழுதின் நீளம் 3 அங்குலம் வரை 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. மொத்தப் புள்ளியை 3600 ஆல் பெருக்கி, அகலத்தையும் (அங்குலம்) நீளத்தையும் (கெஜம்) பெருக்கி வந்த தொகையால் வகுங்கள். 60 அங்குல அகலம், 100 கெஜ நீளமுள்ள ரோலில் 46 புள்ளி என்றால், 100 சதுர கெஜத்துக்கு 27.6.

இனி தேடலாம். 1000 ரோலில் 50-இல் பாவு அறுப்பு, அது 5%. ஒரு குறிப்பிட்ட கஞ்சி லாட்டில் ஓடிய 200 ரோலில் மட்டும் 30 என்றால் 15%, அதாவது மூன்று மடங்கு. உடனே கஞ்சிமேல் பழி போடாதீர்கள். அந்த லாட் முழுவதும் ஈரப்பதம் குறைந்த நாட்களில் ஓடியிருக்கலாம். காய்ந்த பருத்தி இழை எளிதில் அறும். அதே நாட்களில் வேறு லாட் ஓடிய தறிகளையும் பாருங்கள். அங்கேயும் அறுப்பு கூடியிருந்தால் கவனிக்க வேண்டியது ஈரப்பதத்தை.

கேள்வி: எங்கள் கணிப்பு மாடலின் (பழைய தரவிலிருந்து கற்று, எந்த ரோல் கெட்டது என்று கணிக்கும் நிரலின்) துல்லியம் 98%. ஆனால் கெட்ட ரோல் ஒன்றைக்கூட அது பிடிப்பதில்லையே?

பதில்: 1000 ரோலில் 20 மட்டுமே கெட்டது என்றால், எல்லாமே நல்லது என்று சொல்லிவிட்டாலே 98% வந்துவிடும். அந்த 20-இல் எத்தனை பிடிபட்டது, பிடித்தவற்றில் எத்தனை உண்மையில் கெட்டது என்ற இரண்டு எண்ணையும் பாருங்கள். சோதனைக்குக் கடைசி இரண்டு மாத ரோல்களைத் தனியே வையுங்கள். கற்பிக்கும் ரோல், சோதிக்கும் ரோல் என்று கலைத்துப் பிரித்தால் ஒரே பீமின் ரோல்கள் இரண்டு பக்கமும் விழுந்து, மாடல் விடையை முன்பே பார்த்துவிடும். ‘மறுசாயம்’ போல பழுது தெரிந்த பிறகு நிரப்பும் எக்செல் நெடுவரிசையையும் நீக்குங்கள்.

கேள்வி: ரிங் ஃபிரேம் (நூற்கும் இயந்திரம்) நூலில் சுமார் 8.5 செ.மீ.க்கு ஒருமுறை தடிமன் கூடிக் குறைகிறது. எந்தத் தரவைச் சேகரிப்பது?

பதில்: இதற்கு மாடலே வேண்டாம். 27 மி.மீ. விட்டமுள்ள முன் உருளையின் சுற்றளவு 84.8 மி.மீ., அதாவது சுமார் 8.5 செ.மீ.; சுற்றுக்கு ஒருமுறை வரும் குறை அந்த இடைவெளியில்தான் திரும்பும். உங்கள் முன் அடி உருளை அந்த அளவுதான் என்றால், அது மையம் விலகிச் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பாருங்கள்.