காரில் ஆடியோ மாற்றினால் வாரன்டி முழுவதும் போய்விடுமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன் மூன்று ஆண்டு வாரன்டியுடன் ஒரு சிறிய கார் வாங்கினேன். கூடவே வந்த ஸ்பீக்கர்களில் பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை. சென்னையில் ஒரு கடையில் 62,000 ரூபாய் கொடுத்துப் புதிய ஸ்பீக்கர்கள், ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் (கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பொருத்தினேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டுதான் தந்தார்கள். மூன்று வாரத்தில் பேட்டரி அடிக்கடி இறங்கத் தொடங்கியது. பிறகு பவர் விண்டோவும் சென்ட்ரல் லாக்கும் நின்றுபோயின. 'பாடி கன்ட்ரோல் மாட்யூல் (ஜன்னல், பூட்டு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டி) எரிந்துவிட்டது, மாற்ற 38,000 ரூபாய் ஆகும், ஒயரிங்கில் வெளியாள் கை வைத்ததால் வாரன்டி முழுவதும் ரத்து' என்கிறது சர்வீஸ் சென்டர். கடைக்காரரோ, 'எங்கள் மேல் தவறில்லை, வண்டியைக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் கழற்றித் தருகிறோம்' என்கிறார். இதற்கிடையே வாகனச் சோதனையில் ஒரு காவலர், 'இப்படி ஆடியோ வைப்பதே சட்டவிரோதம்' என்று மிரட்டினார். ஒயரிங் படங்களை இணைத்திருக்கிறேன். நான் யார்மீது வழக்குப் போடுவது?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: யார்மீது என்பது இருக்கட்டும். வண்டியைக் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். கழற்றித் தருகிறேன் என்பது உதவியாகத் தோன்றும். ஆனால் அவர் கழற்றப்போவது உங்கள் சாட்சியத்தை. அவர் போட்ட ஒயர் எந்த இடத்தில் எப்படி இணைந்திருந்தது என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. அதை அவர் கையாலேயே அழித்துவிட்டால், மிஞ்சுவது உங்கள் வாய்மொழியும் அவர் வாய்மொழியும்தான்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸ் வழியாக வர வேண்டும். உங்கள் வண்டியில் டாஷ்போர்டுக்குக் கீழே கம்பெனி ஒயரின் தோலை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி எடுத்திருக்கிறார்கள். அடுத்தது ரிமோட் ஒயர். ஆம்ப்ளிஃபயருக்கு 'விழித்துக்கொள், உறங்கு' என்று சொல்லும் மெல்லிய ஒயர் அது. சாவியை அணைத்தால் அதில் மின்சாரம் நிற்க வேண்டும். அதை எப்போதும் மின்சாரம் ஓடும் ஒயரில் கொடுத்திருப்பதுபோல் தெரிகிறது. அப்படியானால் வண்டி நிற்கும் நேரத்திலும் ஆம்ப்ளிஃபயர் விழித்தே இருக்கும். அது முக்கால் ஆம்பியர் இழுத்தால்கூட, 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

படத்தை வைத்து நான் சொல்வது சாட்சியமாகாது. வாகனச் சேதத்தை மதிப்பிடும், உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரையோ, கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் தொடர்பில்லாத ஆட்டோமொபைல் பொறியாளரையோ அழைத்து, வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் விட்டபின் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளந்து, படங்களுடன் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். நல்ல நிலையில் உள்ள காரில் இது பொதுவாக 50 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. அறிக்கை கைக்கு வந்தபின் வேறொரு நம்பகமான ஆளைக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்; டேப் சுற்றிய ஒயர் தீப்பிடிக்கக் கூடியது. கழற்றிய பொருள்களையும் எரிந்த மாட்யூலையும் பத்திரப்படுத்துங்கள். மாட்யூலை மாற்றும்போது பழையதை எழுத்தில் கேட்டு வாங்காவிட்டால் அது சர்வீஸ் சென்டரிலேயே தங்கிவிடும்.

இனி வாரன்டி. 'முழுவதும் ரத்து' என்பது கவுன்டரில் சொல்லப்படும் வசனம். வாரன்டி கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான கையேடுகளில், வெளியில் பொருத்திய துணைக்கருவிகளால் ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை என்றுதான் இருக்கும். ஸ்பீக்கர் மாற்றியதற்காக கியர்பாக்ஸுக்கும் ஏ.சி.க்கும் வாரன்டி மறுப்பது எந்த நியாயத்திலும் சேராது. சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் ஷம்ஷேர் கட்டாரியா வழக்கில் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தபோது, வெளியில் பழுதுபார்த்தாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது, வெளிவேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனதால் அதை மட்டும் நம்பி வழக்காட மாட்டேன். ஆனால் அந்தத் தர்க்கத்தை வாதத்தில் தாராளமாக வைக்கலாம். வாரன்டியை மறுக்கும் காரணத்தை ஜாப் கார்டிலோ (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு) மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடன் 'முழுவதும்' என்ற சொல் பல இடங்களில் காணாமல்போய்விடும்.

அதே நேரம் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. எரிந்த மாட்யூலைப் பொறுத்தவரை, படத்தில் தெரிவது உண்மையானால், கம்பெனி பணம் தராது. தர வேண்டியதும் இல்லை. அந்த 38,000 ரூபாய் கடைக்காரரிடம்தான் கேட்கப்பட வேண்டும். ஆனாலும் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். கடைக்காரரை மட்டும் சேர்த்தால், மாட்யூலே கோளாறானது என்று அங்கே இல்லாத கம்பெனியின் தலையில் கட்டுவார். இருவரும் எதிரெதிரே நின்றால், கடைக்காரரின் வேலையைக் குறை சொல்லும் பொறுப்பைக் கம்பெனியின் வழக்கறிஞரே ஏற்றுக்கொள்வார்.

மோசமான ஒயரிங், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. பில் தராதது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை; ஆகவே எஸ்டிமேட் சீட்டு உங்களைவிடக் கடைக்காரரைத்தான் சிக்கவைக்கும். பணத்தை யு.பி.ஐ. வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவும் வங்கிக் கணக்கு விவரமும் போதும். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள், அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள்.

முதலில் இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் அறிவிப்பு அனுப்புங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் விழுப்புரத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். பிரிவு 34 அதற்கு இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மூன்று மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும், மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

காவலர் சொன்னதற்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கும் 'மாற்றம்', வாகனத்தின் கட்டமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவது. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அதில் வாரா. சப்வூஃபர் பெட்டிக்காகப் பின்சீட்டைக் கழற்றினால் கதை வேறு, ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறிவிடும். சத்தம் தனி விஷயம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டு அலறவிட்டால் காவலர் கேட்பது சரிதான்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். கம்பெனி விலையில் சேராத மின்னணுக் கருவிகள் பாலிசியில் தனியாகக் குறிப்பிடப்பட்டு, அதற்குரிய பிரீமியமும் கட்டப்பட்டிருந்தால்தான் திருடுபோனால் பணம் வரும்.

அறிவிப்பு கிடைத்ததும் கடைக்காரர் சமரசத்துக்கு வரக்கூடும். வந்தால் பேசுங்கள், தவறில்லை. ஆனால் 62,000 ரூபாயைத் திருப்பித் தந்து, 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். மாட்யூலுக்கான 38,000 ரூபாயும் சர்வேயர் கட்டணமும் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பகுதித் தொகைதான் தருகிறார் என்றால், 'எதிர்ப்புடன், பகுதித் தொகையாக' என்று உங்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.